சீனத்தி வீடு

எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில், ஒரே கூரையில் நீளமாகக் கட்டிய வரிசை வீட்டில், பன்னிரண்டு கதவுகள். கடைசிக் கதவு எங்களுடையது. வெள்ளைக்காரத் துரை காலத்தில் கதவுக்கு மேலே கறுப்புச் சாயத்தில் எழுதிய நம்பர் ஒன்று இருந்தது. அந்த நம்பரைச் சொல்லி யாரும் எங்கள் வீட்டைத் தேடி வந்ததில்லை. பத்து காஜா டவுனிலிருந்து தோட்டத்துக்கு முதல் தடவையாக வருகிற ஆள்கூட 'சீனத்தி வீடு எது?' என்று கேட்டால் போதும், கையைப் பிடித்து அழைத்து வராத குறையாகக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள்.

அந்தச் சீனத்தி நான்தான். எனக்குச் சீனத்தில் ஒரு வார்த்தை தெரியாது. இதைச் சொன்னால் இன்றைக்கும் ஆட்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

என்னைப் பெற்றவர்கள் ஆற்று மணலில் ஈயம் அலசிப் பிழைத்தவர்கள் என்று கேள்வி. நாலாவதோ ஐந்தாவதோ பெண்ணாக நான் பிறந்தேனாம். பிறந்த நேரம் அப்பனுக்கு ஆகாது என்று குறி பார்த்தவன் சொல்லிவிட்டானாம். அதே வாரம் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிற, ரப்பர் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற ஒருத்திக்குப் பிறந்த பிள்ளை செத்துப்போய், பால் கட்டிக்கொண்டு அவள் காய்ச்சலில் கிடந்திருக்கிறாள். அவள் போய் என்னை ஒரு பழைய சேலைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தாள். அவள்தான் எனக்கு அம்மா. மாரியம்மன் கோயிலில் மொட்டை போட்டார்கள், காது குத்தினார்கள். நான் பெரிய மனுஷியானபோது தென்னை ஓலையில் குச்சு கட்டி உட்காரவைத்தார்கள். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை படித்தேன். சண்டை போட்டால் தமிழில்தான் போடுவேன். இன்றைக்கும் கனவு வந்தால் தமிழில்தான் வருகிறது. இருபது வருஷம் இப்படி இருந்தும் முகம் ஒன்றுக்காக என்னை யாரும் தமிழச்சி என்று சொன்னதில்லை.

ஒருவர் சொன்னார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.

அவரும் அதே தோட்டத்தில் மரம் வெட்டுகிறவர்தான். பெண் கேட்க வந்தபோது அவருடைய அக்கா வாசலிலேயே நின்றுகொண்டு, "சீனத்திய என் தம்பி பொண்டாட்டின்னு நான் எப்படி ஊர்ல சொல்லுவேன்? நாளைக்குப் பொறக்குற புள்ளய என்ன சாதின்னு சொல்லுவ?" என்று கத்தினாள். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "அவ தமிழச்சிதான்க்கா. உன்னைவிட நல்லா தமிழ் பேசுவா. வேணாம்னா நீ கல்யாணத்துக்கு வராத." அக்காள் வந்தாள், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாள். அன்றைக்கு அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காக நான் எதையும் செய்திருப்பேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் கல்யாணமான கையோடு அவரே என்னைச் 'சீனத்தி' என்று கூப்பிட ஆரம்பித்தார். கொஞ்சல்தான். வேலை முடிந்து வரும்போது லயத்துக் கோடியிலிருந்தே "என் சீனத்தி எங்க? கோப்பி போட்டாச்சா லா?" என்று குரல் கொடுப்பார். எனக்கும் சிரிப்பு வரும். புருஷன் ஆசையாகக் கூப்பிடுவதை ஊரும் எடுத்துக்கொண்டது. அப்படித்தான் வீட்டுக்கு அந்தப் பெயர் வந்தது. நான் அன்றைக்கே வாயைத் திறந்து 'அப்படிக் கூப்பிடாதீங்க' என்று சொல்லியிருக்க வேண்டும். சிரித்தது என் தப்பு.

லயத்தில் எல்லாருக்கும் ஒரு பட்டம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் சேலத்தான். அவர் சேலத்தைக் கண்ணால் கண்டதில்லை, தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தவர். அவருடைய அப்பா புறப்பட்டு வந்த ஊர் அது. அடுத்த வீட்டுக்காரி ஆற்காட்டுக்காரி. அவளும் இந்தப் பேராக் மாநிலத்தைத் தாண்டிப் போனதில்லை. ஐந்தாவது கதவில் இருந்த தெலுங்கர் வாயில் தெலுங்கு நுழையாது. கேலியாகச் சொல்வார்கள், கேட்டுக்கொள்வார்கள், யாரும் கோபித்துக்கொண்டதில்லை. அந்தப் பட்டங்களால் அதுவரை ஒரு உயிரும் போனதில்லை.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். துரை ஒரு பெட்டியோடு காரில் ஏறித் தெற்கே ஓடிப்போனார். ரப்பர் பாலை வாங்க ஆள் இல்லை. மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டு மரவள்ளி நட்டோம். அரிசி போனது, துணி போனது, உப்பும் போனது. எல்லாரும் ஒரே கிழங்கைத்தான் தின்றோம், அதில் சேலத்தான் கிழங்கு, சீனத்தி கிழங்கு என்று ஒன்றும் இல்லை. ஆனால் ஈப்போவிலிருந்து வந்த சேதி வேறு மாதிரி இருந்தது. சீனர்களை வரிசையில் நிறுத்தி லாரியில் ஏற்றுகிறார்கள், ஏறினவர்கள் திரும்பி வரவில்லை என்றார்கள். அப்போதெல்லாம் என் வீட்டுக்காரர் என்னைத் தோட்டத்தைவிட்டு வெளியே அனுப்பமாட்டார்.

ஒருநாள் ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வந்தார். பழைய கிராணி போய் ஈப்போவிலிருந்து புதிதாக வந்தவர், ஆட்களைத் தெரியாது. எந்தக் கதவில் என்ன சாதி ஜனம், எத்தனை பேர் என்று எழுதித் தரச் சொல்லி ஜப்பான்காரன் உத்தரவு. அந்த நேரம் நாங்கள் இரண்டு பேரும் கிழங்குக் காட்டில் இருந்தோம். பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று அவர் அடுத்த வீட்டு ஆற்காட்டுக்காரியைக் கேட்டிருக்கிறார்.

"இது யாரு வீடு?"

"அது சீனத்தி வீடுங்க ஐயா."

"எத்தனை ஆளு?"

"ரெண்டு பேருங்க."

அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் அவள் இதைச் சிரிப்பாகச் சொன்னாள். என் வீட்டுக்காரர் முகம் செத்துப் போயிற்று. மறுநாள் காலையில் நானும் அவரோடு ஆபீசுக்கு ஓடினேன். கிராணி எழுதி முடித்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். கடைசி லயம், கடைசிக் கதவு, சீனம், ஆள் இரண்டு.

"ஐயா, நாங்க தமிழ் ஆளுங்க. இவ என் சம்சாரம்," என்றார் அவர்.

கிராணி என் முகத்தைப் பார்த்தார், நெற்றிப் பொட்டைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். அவருக்கும் வியர்த்தது. "எழுதுனதுல அடிச்சா கள்ளக் கணக்குன்னு சொல்லுவான். சீல் வெக்கிறதுக்குப் புத்தகம் டவுனுக்குப் போவுது. திரும்பி வரட்டும், பாக்கலாம். கொஞ்சம் பொறுங்க லா," என்றார்.

புத்தகம் சிவப்பு சீலோடு திரும்பி வந்தது. சீல் விழுந்த பக்கத்தைத் தொடக் கிராணிக்குத் தைரியம் இல்லை. என் வீட்டுக்காரர் மூன்று தடவை போய்க் கெஞ்சினார். மூன்று தடவையும் வெறுங்கையோடு வந்தார். அவரைப் பற்றி நான் என்ன எழுதினாலும் இந்த மூன்று தடவையை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த வருஷம் சயாமுக்கு ஆள் கேட்டார்கள். ரயில் ரோடு போடுகிற வேலை, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம், அரிசிச் சோறு என்று சொன்னார்கள். யாரும் நம்பவில்லை. நம்பாவிட்டாலும் போயாக வேண்டும். தமிழ் வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆண் என்பது கணக்கு. காலையில் எல்லாரையும் பெரட்டுக் களத்தில், பேர் கூப்பிட்டு வேலை கொடுக்கிற அந்த மைதானத்தில், நிற்க வைத்தார்கள். கிராணி புத்தகத்தைப் பார்த்துக் கதவு கதவாகப் படித்தார். எங்கள் லயத்தில் பதினோரு கதவு படித்தார். பன்னிரண்டாவதைப் படிக்காமல் அடுத்த லயத்துக்குப் போய்விட்டார்.

ஆற்காட்டுக்காரிதான் முதலில் கேட்டாள். அவள் புருஷன் பேர் அப்போதுதான் படிக்கப்பட்டிருந்தது. "என் வூட்டுக்காரர எழுதினீங்கல்ல? சீனத்தி வீட்ட ஏன் வுட்டீங்க?"

"அது சீன வீடு. புத்தகத்துல அப்படித்தான் இருக்கு," என்றார் கிராணி தலையைத் தூக்காமல்.

களத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்த வீட்டுக்குச் சீனத்தி வீடு என்று பேர் வைத்தவர்கள் அவர்கள்தான். கிராணியிடம் சொன்னவளும் அவள்தான். இருந்தாலும் நான் ஏதோ சூழ்ச்சி செய்துவிட்ட மாதிரி பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் ஒரு செம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்தார். பிறகு சிரித்தார். நிறுத்த முடியாமல் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வந்தது. "தலை தப்புச்சு புள்ள," என்றார். நானும் அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன், பொய் சொல்லவில்லை. அப்புறம் அவர் சொன்னார்:

"இனிமே அந்தப் புத்தகத்த மாத்தணும்னு நீ பேசக் கூடாது."

"லாரிக்காரன் வந்தா?"

"தோட்டத்துக்குள்ள யாரு வரப் போறா? கொஞ்ச நாள் தான். நீ சீனத்தியாவே இரு."

நீ சீனத்தியாவே இரு. அவருடைய அக்காளிடம் 'அவ தமிழச்சிதான்' என்று சொன்ன அதே வாய். எனக்கு அந்த வார்த்தை அன்றைக்குச் சுடவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் சுட்டது.

அன்றைக்கு அவர் ஒரு துணி மூட்டையோடு வந்தார். தோட்டத்து எல்லையில் ஒரு கொங்சி இருந்தது. காண்டிராக்ட் வேலைக்கு வந்த சீனக் குடும்பங்கள் சேர்ந்து இருக்கிற நீள வீடு. அங்கே இருந்த ஒரு நடுவயதுப் பெண்ணிடம் கேட்டு வாங்கி வந்திருந்தார். கறுப்புக் கால்சட்டை, கழுத்தை மூடிய நீலச் சட்டை. கிராணியோடு யாராவது பரிசோதனைக்கு வந்தால் நான் அதைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். பொட்டு கூடாது. தாலியைச் சட்டைக்குள் விட்டுக்கொள்ள வேண்டும். வீட்டுச் சுவரில் இருந்த சாமி படத்தை அவரே கழற்றி அரிசிப் பானைக்குள் வைத்தார், அரிசிதான் இல்லையே.

அதோடு விடவில்லை. எனக்குச் சீனம் கற்றுக்கொடுத்தார். பத்து காஜா சந்தையில் மீன் வாங்கிப் பழகி அவருக்குப் பத்து வார்த்தை தெரியும். "சேக் பான்னா சாப்பாடு. சொல்லு பாப்போம்," என்பார். கன்னங்கரேல் என்று இருக்கிற சேலத்தார் எதிரே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க, சீனத்தி நான் நாக்குப் புரளாமல் திணறுவேன். முதல் நாள் இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவர் சிரிக்கவில்லை, நான் தப்பாகச் சொன்னால் எரிச்சல்பட்டார். "மொகத்துல இருக்கு, வாயில வரமாட்டேங்குதே!" என்றார் ஒருநாள். கையில் இருந்த கரண்டியை நான் அவர் மேல் வீசினேன். படவில்லை.

சில மாதம் போயிற்று. சயாமிலிருந்து ஒருவன் மட்டும் திரும்பி வந்தான், ஐந்தாவது கதவுத் தெலுங்கர். தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். ஒரு காலில் முழங்காலுக்குக் கீழே சதை இல்லை, அழுகிப்போய் எலும்பு தெரிந்தது. மற்றவர்கள் எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் கையை மட்டும் விரித்தார். மறு வாரம் அவரும் செத்துப்போனார். ஆற்காட்டுக்காரி அவருடைய எழவு வீட்டில் என் பக்கத்தில் உட்காராமல் எழுந்து போனாள். சயாம் என்றால் என்ன என்று அதன் பிறகு எங்கள் தோட்டத்தில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. சாயங்காலம் முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். நானும் விடவில்லை. சீனத்தியாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று நினைத்தேன்.

தோட்டத்துக்குப் பின்னால் மலை. அங்கே ஜப்பான்காரனை எதிர்த்துத் துப்பாக்கி பிடித்தவர்கள் ஒளிந்திருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் சீனர்கள். ஒருநாள் ஜப்பான்காரன் ஸ்டோரில் வைத்திருந்த அரிசி மூட்டைகளை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். காலை பத்து மணி இருக்கும், இரண்டு லாரி நிறையப் பட்டாளம் வந்து இறங்கியது. தோட்டத்தில் இருக்கிற சீன வீடுகள் எவை என்று கேட்டிருக்கிறார்கள். கிராணி புத்தகத்தைத் திறந்தார். கொங்சியில் நாலு கதவு. கடைசி லயத்தில் ஒரு கதவு.

நான் வாசலில் கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். பட்டாளம் என்று கேட்டதும் அவர் சொல்லிக்கொடுத்தபடி உள்ளே ஓடிச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நின்றேன். பாருங்கள், கொல்ல வருகிறவனுக்கு அடையாளம் தெரியட்டும் என்று நானே உடுத்திக்கொண்டேன். அவர் மண்வெட்டியோடு வாசலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சிப்பாய் ஒருவன் என் தோளைப் பிடித்துத் தள்ளினான். பிறகு அவரைப் பார்த்து, இவன் யார் என்பதுபோல் துப்பாக்கி முனையால் காட்டினான். 

"ரூமா செபெலா," என்றார் அவர். மலாயில் பக்கத்து வீடு என்று அர்த்தம்.

என் புருஷன் பக்கத்து வீட்டுக்காரன் ஆனான். சிப்பாய் தலையை ஆட்டிவிட்டு என்னை மட்டும் இழுத்துக்கொண்டு போனான்.

துரை பங்களாவின் முன்படியில் எங்களை நிறுத்தினார்கள். கொங்சியிலிருந்து ஆறு பேர், ஏழாவது நான். எனக்குச் சட்டை கொடுத்த பெண்ணும் அதில் இருந்தாள். அவள் சட்டையைத்தான் நான் போட்டிருந்தேன். மேலே நாற்காலியில் அதிகாரி. அவன் பக்கத்தில் சீனம் பேசத் தெரிந்த துபாஷி ஒருவன். இன்னொரு பக்கம் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு கிராணி. கீழே புல்லில் தோட்டத்து ஜனங்கள் எல்லாரையும் கூட்டி நிற்கவைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் முன் வரிசையில் இருந்தார்.

துபாஷி ஒவ்வொருவராகக் கேட்டான். அவர்கள் பதில் சொன்னார்கள், அழுதார்கள், அடி வாங்கினார்கள். என்னிடம் வந்து ஏதோ கேட்டான். எனக்குப் புரியவில்லை. வேறு சீனத்தில் மாற்றிக் கேட்டான். அதுவும் புரியவில்லை. சேக் பான் என்று அவன் சொல்லியிருந்தாலாவது தெரிந்திருக்கும். நான் பேசாமல் நின்றதைப் பார்த்து, எதையோ மறைக்கிறேன் என்று நினைத்துக் கன்னத்தில் அறைந்தான். வாயில் இரத்தம் உப்புக் கரித்தது.

அதிகாரி எழுந்து வந்து என் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். அவனுக்குக் கொஞ்சம் மலாய் தெரியும். "சீனா? இந்தியா?" என்று கேட்டான்.

இரண்டே வார்த்தை. சீனா என்றால் நான் லாரியில் ஏற வேண்டும். இந்தியா என்றால் புத்தகம் பொய் என்று ஆகும், பன்னிரண்டாவது கதவில் ஒரு தமிழ் ஆண்பிள்ளை இருப்பது வெளியே வரும், அடுத்த சயாம் பட்டியலில் அவர் பேர் ஏறும். இதில் எனக்குக் குழப்பம் ஒன்றும் இருக்கவில்லை. அறை வாங்கின காது ரீங்காரமிட்டுக்கொண்டிருந்தாலும் புத்தி தெளிவாகத்தான் இருந்தது.

நான் கீழே பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து முழ தூரம்கூட இல்லை. அவருடைய உதடுகள் இறுக மூடியிருந்தன.

"இந்தியா. நான் தமிழச்சி," என்றேன்.

துபாஷி சிரித்தான். அதிகாரியும் சிரித்தான். நான் அந்த நீலச் சட்டையின் கழுத்துப் பித்தானைப் பிய்த்துத் தாலிக் கயிற்றை வெளியே இழுத்துக் காட்டினேன். சிரிப்பு நின்றது. யார் கட்டியது என்று அதிகாரி கையால் கேட்டான்.

"அங்க நிக்கிறாரே, அவருதான். அவருதான் என் புருஷன். கிராணி ஐயா, வாயத் தொறந்து சொல்லுங்க! நீங்க எழுதுன எழுத்துக்கு நான் சாகணுமா?" என்று கை நீட்டிக்கொண்டு கத்தினேன். தோட்டத்து வசவு என்னென்ன உண்டோ அத்தனையும் அன்றைக்கு என் வாயில் வந்தது. அந்த வசவைக் கேட்ட பிறகு என்னைச் சீனத்தி என்று எவனும் சொல்லியிருக்க முடியாது.

கிராணி தப்பாக எழுதிவிட்டேன் என்று மலாயில் சொன்னார். அவருக்கு இரண்டு அறை விழுந்தது. அங்கேயே, நாற்காலிக் கையில் புத்தகத்தை வைத்து, சீனம் என்பதை அடித்து இந்தியா என்று எழுதினார். என் வீட்டுக்காரர் பேரைக் கேட்டு, ஆண் ஒன்று என்று எழுதினார். நான் பிறந்து இருபத்து நாலு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு தாளில் தமிழச்சி ஆனேன்.

மற்ற ஆறு பேரையும் லாரியில் ஏற்றினார்கள். ஏறும்போது அந்தப் பெண் திரும்பி என்னிடம் ஏதோ சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சியும் சொல்லவில்லை. ஒரு வாக்கியம், அவ்வளவுதான். அது என்னவென்று எனக்குத் தெரியாது. லாரி போன பிறகு அவர்களை யாரும் பார்க்கவில்லை. சட்டையையும் கால்சட்டையையும் துவைத்துக் காயவைத்தேன். திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை.

ஒன்பதாம் நாள் மறுபடி சயாமுக்கு ஆள் எடுத்தார்கள். எங்கள் லயத்தில் முதல் பேரே அவருடையதுதான்.

அவருடைய அக்காள் வந்து தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். "சீன ரத்தம் புத்தியக் காட்டிருச்சு! என் தம்பியக் காட்டிக் குடுத்துட்டா!" என்றாள். ஆற்காட்டுக்காரி அவளைப் பிடித்துக்கொண்டு தேற்றினாள். ஊர் முழுக்க அதையே சொன்னது, சீனத்தி புருஷனைக் காட்டிக் கொடுத்துவிட்டாள். புத்தகத்தில் நான் தமிழச்சி ஆன பிறகுதான் ஊரில் நான் முழுச் சீனத்தி ஆனேன். 'ரூமா செபெலா' என்று அவர் சொன்னதை அங்கே நின்றிருந்த பத்துப் பேராவது கேட்டிருப்பார்கள். அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் திரும்பவில்லை. சண்டை முடிந்து வந்த ஒருவன், ஆற்றங்கரையில் ஒரு கூடாரத்தில் வாந்தி பேதியில் போய்ச் சேர்ந்தார் என்று சொன்னான். நான் தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வந்து துணி துவைத்துப் பிழைத்தேன். இங்கேயும் நான் யார் என்று கேட்கத்தான் செய்கிறார்கள். கோயிலில் வரிசையில் நின்றால் ஒருத்தி தன் பக்கத்தில் நிற்பவளிடம், சீனப் பொம்பளை, நம்ம ஆளைக் கட்டினவளாம் என்று குசுகுசுப்பாள். சீனன் கடைக்குப் போனால் அவன் சீனத்தில் பேசிவிட்டு, நான் மலாயில் பதில் சொன்னதும் காறித் துப்பாத குறையாகப் பார்ப்பான். பழகிவிட்டது என்று சொல்லமாட்டேன். பழகவில்லை.

அவர் போன காலையைப் பற்றி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பெரட்டுக் களத்தில் லாரி நின்றுகொண்டிருந்தது. ஒன்பது நாளும் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அவித்த கிழங்கைத் துணியில் கட்டிக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு, ஆட்கள் கேட்காதபடி கிட்டே வந்தார்.

"நீ பயத்துல சொல்லிட்ட. அடிச்சானுங்கல்ல, உனக்கு ஒண்ணும் ஓடியிருக்காது. நான் மனசுல வெச்சுக்கல புள்ள. அழாத," என்றார்.

அழவில்லை நான். அவர்தான் அழுதார். என் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு லாரியில் ஏறினார்.

நான் பயத்தில் சொல்லவில்லை. அந்தப் படியில் நின்று அவருடைய வாய் திறக்குமா என்று பார்த்தேன். 'அவ என் சம்சாரம்' என்று அவர் ஒரு அடி முன்னால் வந்திருந்தால், நான் சீனா என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறியிருப்பேன். சத்தியமாக ஏறியிருப்பேன். அவர் வரவில்லை. அதனால்தான் சொன்னேன், சயாமைத் தெரிந்தேதான் சொன்னேன். ஏறுவதற்கு முன்னால் அவர் என்னை மன்னித்துவிட்டுப் போனார். அவரும் என்னிடம் மன்னிப்பாக ஒரு வார்த்தை கேட்பார், மன்னித்தேன் என்று நான் சொல்லலாம் என்று லாரி கேட்டைத் தாண்டும் வரை நின்றேன். அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.